காற்று திருத்தும் பயண நிரல்

உல்லாசக் கப்பற் பயணம் என்பது, பயணி தன் படுக்கையையும் சாப்பாட்டு மேசையையும் கூடவே மிதக்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் காலையில் இறங்கிக் கோயிலோ கோட்டையோ பார்த்து, மாலைக்குள் மறுபடியும் அதே மேசைக்குத் திரும்பிவிடும் ஒரு சுற்றுலா முறையாகும். கப்பல் எந்த நாளில் எந்தத் துறைக்குச் செல்லும் என்பதை அறிவிக்கும் அட்டவணை பயண நிரல் எனப்படும். வழியில் கப்பல் நின்று பயணிகளை இறக்கும் துறை தரிப்புத் துறை எனப்படும். பயணி பணம் கொடுப்பது தரிப்புத் துறைகளின் பெயர்களைப் பார்த்துத்தான் என்றாலும், அவன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் அந்தப் பெயர்களுக்கு எவ்வித உத்தரவாதமும் இருப்பதில்லை. காலநிலையையோ பாதுகாப்பையோ காரணம் காட்டி எந்தத் துறையையும் நீக்கவும், மாற்றவும், முன்பின்னாகத் திருப்பவும் கப்பலுக்கு உரிமை உண்டு என்று ஒரு வாசகம் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். திருமண அழைப்பிதழில் "பெரியோர்கள் நிச்சயித்தபடி" என்ற தொடர், பின்னால் வரக்கூடிய எல்லாவற்றுக்குமான பொறுப்பை மணமக்களிடமிருந்து நாசூக்காக விலக்கிவிடுவதுபோல, அந்தச் சிறிய எழுத்தும் கம்பனியை விலக்கிப் பொறுப்பைக் காற்றின் தலையில் வைத்துவிடுகிறது.

ஒரு துறை நீக்கப்பட்டால் பயணிக்குப் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பது அந்தத் துறைக்குரிய துறைமுகக் கட்டணம் மட்டுமே. அதுவும் பல வேளைகளில் பணமாக அன்றி, கப்பலுக்குள்ளேயே செலவழிக்கத்தக்க வரவாகவே கிடைக்கும். நீக்கப்பட்ட நாள் "கடல் நாள்" என்று மறுபெயர் பெறுகிறது, அதாவது நாள் முழுவதும் கடலிலேயே கழியும் நாள். துறையில் நிற்கும்போது பொதுவாக மூடிவைக்கப்படும் சூதாட்டக் கூடமும் தீர்வையற்ற கடைகளும் கடல் நாளில் திறந்தே இருக்கும் என்பதையும், கோயில் வாசலில் செலவாகியிருக்க வேண்டிய பணம் அன்று கப்பலை விட்டு வெளியேற வழியில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சூறாவளியினால் எல்லோருக்கும் நட்டம் என்று துணிந்து கூற முடியாது.

இவ்வகைத் திருத்தங்களின் தலைமைப் பீடம் கரீபியன் கடலாகும். அத்திலாந்திக்கில் "ஹரிகேன்" என்றும், இந்து சமுத்திரத்தில் "சைக்குளோன்" என்றும், இலங்கையில் சூறாவளி என்றும், தமிழ்நாட்டில் புயல் என்றும் வழங்குவது ஒரே இயற்கை நிகழ்வுதான். 2017 செப்டெம்பரில் இர்மா, மரியா என்ற இரண்டு ஹரிகேன்கள் இரண்டு வார இடைவெளிக்குள் வந்து சென்மார்ட்டின், சென் தோமஸ், டொமினிக்கா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய தீவுகளைச் சிதைத்தபோது, கிழக்குக் கரீபியனுக்கென்று புறப்படவிருந்த கப்பல்கள் வரிசையாக மேற்குக் கரீபியனுக்குத் திருப்பப்பட்டன. தேன்நிலவுக்குச் சென் தோமஸ் என்று நம்பிப் புறப்பட்டோர் மெக்சிக்கோவின் கொசுமேலில் விழித்தெழுந்தனர். தீவுகளின் நிலையோ வேறு: கப்பல் வராவிட்டால் டக்சிக்காரருக்கும் கடைக்காரருக்கும் வருமானமில்லை, ஆகவே வீட்டுக் கூரைகள் முழுமையாகத் திரும்புவதற்கு முன்பே, அவ்வாண்டு நவம்பரில், சென்மார்ட்டினும் சென் தோமசும் கப்பல்களை மீண்டும் வரவேற்றன.

இந்தப் பின்னணியில் திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கினால், அது கப்பல்களுக்காகவே இயற்கை ஒதுக்கிவைத்த இடம் என்று பாடநூல்கள் கூறுவதில் மிகையில்லை என்பது புலப்படும். கொட்டியாரக் குடாவின் வடபுறத்தில், குன்றுகளும் குடாநாடும் மூன்று பக்கமும் அணைத்துக்கொள்ள, பெரிய கப்பல்களும் அச்சமின்றி நங்கூரமிடத்தக்க ஆழத்துடன் உட்துறைமுகம் அமைந்திருக்கிறது. குடாவின் அடியிலோ நிலம் திடீரென்று ஆழ்கடற் பள்ளத்தாக்காக இறங்குகிறது. ஆழம், இடவசதி, மறைப்பு ஆகிய மூன்றும் வாய்த்த இத்துறைமுகத்துக்கு வாய்க்காத ஒன்று பயண நிரல் தயாரிப்போரின் நாட்காட்டி. ஐரோப்பாவில் குளிர் தொடங்கும்போதுதான் உல்லாசக் கப்பல்கள் ஆசியாவை நாடி வருகின்றன. அதே காலத்தில்தான் கிழக்குக் கரையில் வாடைக்காற்றும் மாரி மழையும் தொடங்குகின்றன. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று நிலப்பக்கமிருந்து வீசி, கடல் கண்ணாடியாகக் கிடந்து, கரைக்கு அப்பால் திமிங்கிலங்கள் தென்படும் மே முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் அவ்வகைக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் உலாவிக்கொண்டிருக்கின்றன. திமிங்கிலமும் கப்பலும் ஒன்றையொன்று சந்திக்காதபடி இவ்வளவு துல்லியமாகத் திட்டமிடுவது, வேண்டுமென்றே முயன்றாலும் எளிதன்று. மார்கழியில் வந்து இறங்கும் பயணிக்கு நிலாவெளியில் அலையும், புறாத்தீவுக்குப் படகு போகாது என்ற செய்தியும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் எஞ்சுகின்றன. மழையில் நனைந்தபடி வெந்நீரில் குளிப்பதற்கு ஏற்ற பருவம் அதுவே என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும்.

புயலினால் திருத்தப்பட்ட பயண நிரல்களுள் திருகோணமலை மாவட்டத்தோடு தொடர்புடைய பழைய, விரிவான சான்று ஒன்று 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இருந்த "ஆன்" என்ற கப்பல், 1659 நவம்பர் 19 அன்று மசூலிப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோது பெரும் புயலில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்றுவதற்காக நடுப் பாய்மரத்தையே வெட்டி வீழ்த்த நேர்ந்தது. சென்னைக் கோட்டையில் இருந்த கம்பனி அதிகாரிகள் புதிய பயண நிரலொன்றை வகுத்தனர்: கொட்டியாரக் குடாவுக்குச் சென்று, மரம் மலிந்த அக்கரையில் புதிய பாய்மரம் நாட்டிக்கொள்வதோடு, போகிற போக்கில் கொஞ்சம் துணியும் விற்றுவரலாம் என்பதே அதன் சாரம். பழுதுபார்ப்பு, வியாபாரம், இயற்கைக் காட்சி மூன்றையும் ஒரே தரிப்பில் அடக்கிய இத்திட்டத்தை இக்காலப் பயண முகவர் எவரும் குறைகூறமாட்டார்.

திட்டத்தில் விடுபட்டது ஒன்றே ஒன்று: கரையின் உரிமையாளரான கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு முறையாக அறிவித்துக் கடிதமும் காணிக்கையும் அனுப்புவது. மன்னன் தன் திசாவையை, அதாவது மாகாணத்தை ஆளும் அதிகாரியை, படையோடு அனுப்பினான். புளியமர நிழலில் அமர்ந்திருந்த கப்பற் தலைவரும் உடனிருந்தவர்களும் 1660 ஏப்ரிலில் பிடிபட்டனர். தலைவரின் மகனும் தந்தையின் பெயரையே கொண்டவருமான ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞரும் சிறைப்பட்டார். கரையிறங்கியவர்கள் திரும்பாத நிலையில் "ஆன்" அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. குறித்த நேரத்துக்குள் வராத பயணிக்காகக் கப்பல் காத்திராது என்பது இன்று ஒவ்வோர் உல்லாசக் கப்பலிலும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் விதியாகும். கொட்டியாரத்தில் அது கப்பலின் தலைவருக்கே பிரயோகிக்கப்பட்டது.

மூத்த நொக்ஸ் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். மகனின் கரைச் சுற்றுலா 19 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவர் மலைநாட்டில் ஊர் ஊராக மாற்றிக் குடியமர்த்தப்பட்டு, தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்து, 1679 அக்டோபரில் மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். இலண்டனில் 1681 இல் வெளிவந்த அவருடைய நூல், அக்கால இலங்கையின் உணவு, உழவு, சட்டம், வழக்கம் ஆகியவற்றை அறிய இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கும் மூலமாக இருக்கிறது. எட்டு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு இத்தீவைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளோடு ஒப்பிட்டால், ஓர் ஊரை அறிந்துகொள்வதற்குச் சிறைவாசம் எவ்வளவு சிறந்த ஏற்பாடு என்பது விளங்கும், அதைச் சுற்றுலாச் சபை விளம்பரப்படுத்தத் தயங்கினாலும்.

ஐரோப்பியக் கம்பனிகளும் அரசுகளும் திருகோணமலைக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறிமாறிச் சண்டையிட்டதற்கும் காற்றே பெரிய காரணம். எதிரே நீண்டுகிடக்கும் சோழமண்டலக் கரையில் வாடைக்காலத்தில் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. சென்னையில் செயற்கையாகக் கட்டிய அலைதாங்கிச் சுவர்களையும் 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது.

புயல் ஒரு தீவுத் துறையை அழித்ததனால் கப்பல் வழி நிரந்தரமாகவே மாறிய நிகழ்வும் இக்கடற்பரப்பில் உண்டு. பாம்பன் பாலம் 1914 இல் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வரும் ரயில் தனுஷ்கோடியில் நிற்க, அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்குச் செல்ல, தலைமன்னாரிலிருந்து மறுபடியும் ரயில் கொழும்புக்கு ஓட, ஒரே பயணச்சீட்டில் இரண்டு நாடுகள் இணைந்திருந்தன. 1964 டிசம்பர் 22 அன்று திருகோணமலைப் பக்கமாக இலங்கையின் வடகிழக்கைக் கடந்த சூறாவளி, அன்றிரவு பாம்பன் தீவில் தனுஷ்கோடியை ஊராக இல்லாமல் ஆக்கியது. வந்துகொண்டிருந்த ரயிலொன்றும் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது, எண்பதுகளில் இலங்கையின் உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்தும்வரை. இங்கே நகைப்பதற்கு எதுவுமில்லை.

நகைப்பு மீண்டும் தொடங்குவது 2023 இல். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பற் சேவை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்த பின், "செரியபாணி" என்ற விரைவுக் கப்பலைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 14 அன்று சிறப்பாகத் தொடக்கிவைக்கப்பட்டு, வடகீழ்ப் பருவக்காற்றைக் கருதி அதே மாதம் 20 ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. ஐப்பசியில் வாடை தொடங்கும் என்பதை இரு கரைகளிலும் உள்ள கடற்றொழிலாளர் எவரிடம் கேட்டிருந்தாலும், வலையைத் தைப்பதை நிறுத்தாமலே சொல்லியிருப்பார். அவரைக் கேட்பது இராஜதந்திர நடைமுறையில் இல்லை. சேவை 2024 ஆகஸ்ட் 16 அன்று "சிவகங்கை" என்ற வேறொரு கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. அதற்கு முன்னர் அறிவித்த மே மாதத் திகதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போயின, ஆனால் அப்போது காற்றின் மீது பழிபோட வழியிருக்கவில்லை.

இதற்கு மாறாக, 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்ற வரிசையைச் சரியான பருவத்தில் தேர்ந்தெடுத்திருந்தது. 1990 இல் கட்டப்பட்டு, முதற்பெயரோடு மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு ஓடித் தொழில் பழகிய இக்கப்பல், காற்றுக்கு மரியாதை கொடுக்கக் கரீபியன் பக்கத்திலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. திருகோணமலையில் கோணேசர் மலையின் உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு இத்தகைய கப்பல் பல மாடிகள் கொண்ட விடுதியாகத் தோன்றினாலும், காற்றின் கணக்கில் அது உயர்ந்ததொரு பாய் மட்டுமே. பக்கவாட்டில் பலத்த காற்று மோதும்போது இறங்குதுறையில் கட்டிவைத்த கப்பல் துறையையும் இடிக்கும், தன்னையும் சிதைத்துக்கொள்ளும். ஆகையால் சூறாவளி எச்சரிக்கை வந்ததும் கப்பல்கள் துறையை விட்டுத் திறந்த கடலுக்கு ஓடுகின்றன. புயலில் வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று பழகிய தரைவாசிக்கு இது புத்திகெட்ட செயலாகத் தோன்றினாலும், கப்பலுக்குக் கடல் பகையன்று, கரையே பகை.

துறை தப்பிவிட்டாலும் நிரல் தப்பும் என்பதில்லை. யேமன் நாடு சொகோத்ராத் தீவின் கடனீரேரியொன்றின் பெயரைக் கொடுத்த "டித்வா" சூறாவளி, 2025 நவம்பர் 28 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில் புகுந்து, நாடெங்கும் 600 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மகாவலி பெருக்கெடுத்து, மாவிலாற்று அணை உடைந்து, மூதூர், வெருகல் பகுதிகள் நீரில் மூழ்கின. நொக்ஸின் தந்தை புளியமரத்தடியில் அமர்ந்திருந்த அதே கொட்டியாரக் கரை அது. உல்லாசப் பயணிக்கு வேண்டியது இறங்குதுறை மட்டுமன்று. இறங்குதுறைக்கு அப்பால் பஸ் ஓடும் வீதியும், கதவு திறந்திருக்கும் கடையும், சிரிக்க மனமுள்ள மனிதரும் வேண்டும். அவற்றை நங்கூரத்தால் பிடித்துவைக்க இயலாது.

எனவே கடல்வழியே திருகோணமலைக்கு வர எண்ணுவோர், சித்திரை கழிந்து ஆவணி முடிவதற்குள் வரும் கப்பலாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்களாக. டிசம்பரில் "திருகோணமலை" என்று அச்சிட்ட சீட்டு மலிவாகக் கிடைத்து, அதை வாங்கியே தீருவது என்ற உறுதியும் ஏற்பட்டுவிட்டால், தவறிய துறைக்கு இழப்பீடு உண்டா என்ற பகுதியைக் காப்புறுதிப் பத்திரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது; அதுவும் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.