நம்ம காசுக்கு எவ்வளவு?

"அங்கோர் வாட் எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு நாளைக்கு 37 டாலர் தம்பி. நம்ம காசுக்கு நூத்தம்பது வெள்ளிக்கு மேல" என்பார். அவ்வளவுதான் அங்கோர் வாட். சூரியவர்மன், ஐந்து கோபுரம், அகழி, பாற்கடல் கடையும் சிற்பம் ஒன்றும் அதற்கப்புறம் வராது. 2017-க்கு முன்னால் அதே சீட்டு 20 டாலர்தான் என்பது மட்டும் வரும். அதைச் சொல்கையில் அண்ணன் குரல் துக்க வீட்டில் பேசுகிற மாதிரி இறங்கிவிடும்.

செபராங் ஜெயாவில் தாமானுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு, பிள்ளைகள் கோலாலம்பூரில், முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது. வருடத்துக்கு ஒரு கோயில் பயணம், நடுவில் ஒரு தீவு. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து மனிதர் வீட்டில் தங்குவதே குறைவு. திரும்பி வந்த மறுநாள் கருமாரியம்மன் கோயில் வாசலிலோ மாமாக் கடையிலோ நம்மைப் பிடித்துவிடுவார். மற்றவர்கள் படம் காட்டுவார்கள். இவர் கணக்குக் காட்டுவார்.

மதுரையில் பூக்காரம்மா முழத்துக்கு விலை சொன்னதும் கைப்பேசியில் கணக்குப் போட ஆரம்பிக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது. "ரெண்டு வெள்ளி பத்து சென்னு" என்று மனைவிக்கு அறிவிக்கிறார். அக்கா காதில் வாங்காதவர்போல் கோபுரத்தைப் பார்க்கிறார். பல வருடப் பயிற்சி. இராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்துவிட்டு, தலையில் விழுந்த ஒவ்வொரு வாளியும் எத்தனை சென் என்று ஈர வேட்டியோடு வகுத்துச் சொன்னாராம். பாவம் எவ்வளவு கழிந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விகிதம் வைத்திருப்பார்.

தஞ்சாவூர் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போகச் சீட்டு இல்லை என்பதுதான் காரணம். "ஓசிலா! செருப்பு வைக்கத்தான் காசு" என்றார், ஏதோ குறை கண்டுபிடித்ததுபோல. 1010-இல் கட்டி முடித்த கோயில், இருநூறு அடிக்கு மேல் விமானம், அரை மணி நேரத்தில் வேனுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் இவருக்கென்றே கட்டிய கோயில் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அதுதான். சுவர் முழுக்கக் கணக்கு. யார் எத்தனை கழஞ்சு பொன் கொடுத்தார், எந்த நகையில் எத்தனை முத்து, தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரில் யாருக்கு எந்த வரிசையில் வீடு, ஆளுக்கு எவ்வளவு நெல் என்று ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார் ராஜராஜன். இதைச் சொன்னபோது அண்ணன் முகம் மலர்ந்தது. "ஒரு கழஞ்சு நம்ம காசுக்கு எவ்வளவு வரும்?" என்றார்.

அவருக்குச் சமமான ஆளை அவர் பாலித் தீவில்தான் சந்தித்தார். உலுவாத்து கோயில், கடலுக்கு மேல் செங்குத்துப் பாறை. அங்கே ஒரு குரங்கு அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்துவிட்டது. அந்தக் குரங்குகள் பொருளைத் திருடி, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். விலை உயர்ந்த பொருளுக்கு அதிகம் எதிர்பார்க்கின்றன என்று 2021-இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. கண்ணாடி விலை, பழத்தின் விலை, ரூப்பியா, வெள்ளி எல்லாவற்றையும் அண்ணன் மனத்துக்குள் பெருக்கிக் கழிக்கும்வரை குரங்கு பொறுமையாகக் காத்திருந்ததாம். கடைசியில் இரண்டாவது பழமும் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு வரவு செலவை மட்டும் அவர் சொல்லமாட்டார், அக்காதான் சொன்னார்.

லங்காவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1987-இலிருந்து வரியில்லாத் தீவு. அண்ணன் கடலையே பார்க்காமல் சாக்லெட்டோடும் பீங்கான் தட்டுகளோடும் கோலகெடாவுக்குப் படகேறுவார்.

இதெல்லாம் கேட்டு ஆளைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வரிசையில் ஒரு பாட்டி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சாவதற்குள் இராமேஸ்வரம் பார்க்க ஆசைப்பட்டார். கையிலிருந்தது பாதிக்கும் வராது. பாட்டி போய் வந்துவிட்டார். பத்து சென் டாய்லெட் காசுகூட ஏறுகிற அண்ணனின் நோட்டில் மீதிப் பாதி ஏறவே இல்லை. பிரகாரத்தில் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியவரும் அவரே.

அதனால்தான் அவர்மேல் கோபப்படுவதற்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. ஆனாலும் கோபம் வருகிறது. கம்போடியாவில் நூத்தம்பது வெள்ளி கொடுத்துக் கல்லைப் பார்த்த மனிதர், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் மெர்போக்குக்குப் போனதில்லை. ஜெராய் மலையடிவாரம், பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-இல் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பிய கடாரம் இந்தக் கெடாதான். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் மேடேறினால் புக்கிட் பத்து பகாட் சண்டி என்கிற பழங்கோயில், ஓடைக் கரையில் கருங்கல் மேடை. கூப்பிட்டால், "பக்கத்துலதானே தம்பி, எப்ப வேணும்னாலும் போலாம்" என்கிறார். புலாவ் அமானுக்கும் இதே பதில். பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து கொஞ்ச நேரப் படகுதான். 1891-இல் நட்ட ஈரப்பலா மரம் நிற்கிறது, இறால் மீயும் கிடைக்கும். பாலிக்குப் பறக்கிறவருக்கு இந்தத் தீவு தீவாகவே தோன்றவில்லை.

பக்கத்தில் இருப்பது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று இவருக்கு யார் சொன்னது? 2013-இல் அதே பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்தில், பதினோராம் எண் சண்டியை மண்வாரி இயந்திரம் இடித்துத் தள்ளிவிட்டது. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய கட்டடம், வீடமைப்புக்கு நிலம் திருத்தும்போது போய்விட்டது. அரசிதழில் மரபுச் சின்னமாகப் பதிந்திருக்கவில்லை, அதனால் தடுக்க ஆளில்லை. செய்தி வந்தபிறகு எல்லாரும் கொதித்தோம். இடிக்கும் முன்னால் போய்ப் பார்த்தவர் எங்கள் தாமானில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. ஆண்டுக்கு இரண்டு வேன் நிறைய ஆள் திரட்டுகிற அண்ணன் போன்றவர்கள் ஒரே ஒரு வேனை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால், ஆள் நடமாடுகிற இடம் என்றாவது அது பெயர் வாங்கியிருக்கும்.

இதை இவ்வளவு நீளமாக, தே தாரே ஆறிப்போகும்வரை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்த நிலம் சதுர அடி எவ்வளவுக்குப் போச்சாம் தம்பி?"