திமிங்கிலம் சார்

திண்டிவனத்தில் இப்போது தெருவுக்கு ஒரு வெளிநாட்டு அப்பா இருக்கிறார். மகளுக்குப் பிரசவம் என்று அம்மாவுக்கு விசா எடுப்பார்கள். அம்மாவுக்குத் துணை என்று அப்பாவுக்கும் ஒன்று. மூன்று மாதம் பத்தியச் சமையல் செய்து அம்மா இளைத்துத் திரும்புவார். அப்பா நிபுணராகித் திரும்புவார். சிலர் டிராஃபிக் ஒழுங்கில் நிபுணர், சிலர் குப்பைத் தொட்டியின் நிறங்களில். எங்கள் தெருவுக்கு வாய்த்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் திமிங்கிலத்தில் நிபுணர்.

வேட்டிக்குக் கீழே வெள்ளை ஷூ, தலையில் சிட்னி என்று எழுதிய தொப்பி. காலை வாக்கிங் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் செல்போன் வெளியே வரும். வீடியோவில் பாதி கடல், மீதி சாரின் கட்டைவிரல். பின்னணியில் மாப்பிள்ளை, "மாமா, அங்க மாமா, வலது பக்கம், ஐயோ போயிடுச்சு மாமா" என்று அலறுவது கேட்கும். ஓர் இடத்தில் மட்டும் ஓரத்தில் கறுப்பாக ஏதோ புரளும். அங்கே நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, "அம்மா. பக்கத்துல சின்னதா தெரியுது பாருங்க, குட்டி" என்பார். நமக்கு அலை தெரியும். போண்டா அவர் கணக்கு என்பதால் குட்டியும் தெரியும்.

ஆனால் பாடத்தில் குறை சொல்ல முடியாது. கூன்முதுகுத் திமிங்கிலம் அண்டார்டிகாவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே போய், வெதுவெதுப்பான தண்ணீரில் குட்டி போடும். பிறக்கும்போதே குட்டி 4 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய ஒரு டன் எடை. தாய் நம் டவுன் பஸ்ஸை விட நீளம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை தாயும் குட்டியும் சிட்னி வழியாகத் தெற்கே திரும்பும். சர்குலர் கீயில் படகு ஏறினால், துறைமுக வாயைத் தாண்டியதும் பார்க்கலாம். 1954லிருந்து 1962 வரை பைரன் பே ஊரில் இவற்றை வெட்டவே ஒரு தொழிற்சாலை நடந்தது. அறுபதுகளில் சில நூறுதான் மிஞ்சின. வேட்டையை நிறுத்திய பிறகு பெருகிப் பெருகி, 2022இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்தே அந்த அரசு எடுத்துவிட்டது. இவ்வளவும் குறிப்பில்லாமல் சொல்வார். நடுவில் எழுந்து போனால் அட்டெண்டன்ஸ் போகும்.

தகராறு தூரத்தில்தான். குட்டியோடு இருக்கும் திமிங்கிலத்தைப் படகு 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நவம்பரில் ஊர் திரும்பிய புதிதில் சாரும் 300 என்றே சொன்னார். கார்த்திகை தீபத்துக்கு 200 ஆயிற்று. பொங்கலுக்கு 50. மயிலம் பங்குனி உத்திரத்துக்குள் வால் அடித்த தண்ணீர் அவர் சட்டையை நனைத்துவிட்டது. யாராவது சட்டத்தை ஞாபகப்படுத்தினால், "நாமதான் கிட்ட போகக் கூடாது. அதுவா வந்தா இன்ஜினை நியூட்ரல்ல போட்டுட்டு நிக்கணும்" என்பார். அதுவும் உண்மைதான் என்பதால் மடக்க வழியில்லை.

ஒரு நாள் டீ மாஸ்டர் கேட்டார்: "சார், திமிங்கில வாந்தி கிலோ கோடிக்குப் போவுதாமே, கொஞ்சம் எடுத்தாந்திருக்கக் கூடாதா?"

"அது அம்பர்கிரிஸ்யா. வேற ஜாதித் திமிங்கிலம் போடறது. வச்சிருந்தா நம்ம ஊர்ல 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள தூக்கிப் போட்டுடுவான்." ஒரு மடக்கு டீ குடித்துவிட்டு, "அன்னிக்கு அந்தப் படகுல வாந்தி எடுத்தது எங்க வீட்டம்மா ஒருத்திதான்" என்றார்.

அந்த அம்மா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மகளின் வென்ட்வொர்த்வில் வீட்டில் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வந்த கவலை, அலை வேறு. படகின் கம்பியைப் பிடித்தபடியே நின்றவர், தலை கடல் பக்கமே தொங்கியதால் மற்ற எல்லோரையும் விட நன்றாகப் பார்த்திருக்கிறார். இது தெரிய வந்தது சித்திரையில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்பில். வளையல் அடுக்கி முடிந்து, கலவை சாதம் பரிமாறும் நேரம்.

"பாவம்டி, பிள்ளை பெத்த உடம்பு. அங்கயிருந்து பனிக்கட்டி ஊர் போய்ச் சேர்ற வரைக்கும், மாசக்கணக்கா, ஒண்ணும் திங்காதாம். குட்டிக்குப் பால் மட்டும் குடுத்துக்கிட்டே போகுமாம், பசை மாதிரி கெட்டிப் பாலு. ஒரு மிளகு ரசம் வச்சுக் குடுக்க ஆளில்ல. எனக்கு அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்ததும் மொதல்ல எம் பொண்ணுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கத்தான் தோணுச்சு."

பெண்கள் கூட்டம் கூடிவிட்டது. வாசலில் ஆண்கள் பக்கம் 40 மீட்டரில் நின்றிருந்த சாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்பன் கூட வரலியா பெரியம்மா?" என்றது வளைகாப்புப் பெண்.

சாருக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. தாய்க்கும் குட்டிக்கும் பின்னால் இன்னொரு பெரிய திமிங்கிலம் காவலாக வந்ததையும், குடும்பத் தலைவனின் பொறுப்பு என்ன என்பதையும் கோயில் கமிட்டியில் அரை மணி நேரம் பேசியிருக்கிறார். தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அப்பனாவது ஆட்டுக்குட்டியாவது. அவன் எந்தக் கடல்ல இருக்கானோ. பின்னாடி ஒண்ணு வந்துச்சு. அது வேற ஆளாம். அடுத்த வாட்டிக்கு இவ நமக்குக் கெடைப்பாளான்னு சுத்திக்கிட்டு வர்றவனாம். படகுல அந்தப் பொண்ணு மைக்கில சொல்லுச்சு, மாப்பிள்ளை எனக்குத் தமிழ்ல சொன்னாரு. இவரு அப்ப போட்டோ புடிக்கப் போயிட்டாரு."

புளிசாதத்துக்கு வரிசை நின்றிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் சார் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் வழக்கம்போல வீடியோ ஓடியது. பின்னால் வருவது யார் சார் என்று ஒருவர் வேண்டுமென்றே கேட்டார்.

"தாய்மாமன்" என்றார் சார்.