கும்பகோணம் போகலாமா?

கேள்வி: ஓய்வு பெற்றதும் வேளச்சேரி ஃபிளாட்டை விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் குடியேறலாமா? லாப நஷ்டம் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், சென்னை

பதில்: மழை அறிவிப்பு வந்ததும் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற ஊர்க்காரர் நீங்கள். முதல் லாபம், அந்த வேலை மிச்சம். பெருங்கூட்டம் என்றால் 12 வருஷத்துக்கு ஒரு மகாமகம். போனது 2016, அடுத்தது 2028. (முகூர்த்த நாளில் கடைத்தெருப் பக்கம் போய் மாட்டிக்கொண்டால் என்னைத் திட்டக் கூடாது.) 2021-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனாலும் கலெக்டரைப் பார்க்கத் தஞ்சாவூருக்கு 40 கி.மீ. போக வேண்டும், விமானம் ஏறத் திருச்சி.

பெரிய நஷ்டம் வேறு. சென்னையில் எதிர் ஃபிளாட்காரர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. இங்கே காலையில் நீங்கள் வாங்கிய வாழைக்காய் எத்தனை என்பது மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரியும். சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமி வந்து, “வாழைக்காய் வாயுவாச்சே, சாருக்கு ஒத்துக்குமோ?” என்பார். நெஞ்சு வலி வந்தால் முதலில் ஆட்டோ பிடிப்பவரும் அவர்தான், யோசித்துக்கொள்ளுங்கள்.

டிகிரி காபிக்காக மட்டும் என்றால் வீட்டைக் காலி செய்யாதீர்கள். தாம்பரம் தாண்டி நெடுஞ்சாலையில் போனாலே கும்பகோணத்தில் இருப்பதைவிட அதிக போர்டு கண்ணில் படும்.