இடது கை எங்கே?

தச்சு வேலைக்கு மனித உடம்பில் மிகவும் இடைஞ்சலான உறுப்பு இடது கை. வலது கைக்கு எப்போதும் வேலை இருக்கிறது. ரம்பம் இழுக்கும், கொட்டாப்புளி ஓங்கும், ஆணி அடிக்கும். இடது கைக்குப் பாதி நேரம் வேலை கிடையாது. வேலை இல்லாதவன் சும்மா இருப்பானா? வேடிக்கை பார்க்க வசதியான இடமாகத் தேடிப் போவான். பட்டறையில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் உண்டு, உளியின் வாய்க்கு நேர் எதிரே. (இடது கைப் பழக்கக்காரர்கள் இந்தக் கட்டுரையை வலம் இடமாக மாற்றிப் படித்துக்கொள்ளவும். அவர்களுக்கு இது புதிதல்ல.)

பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு ஊரில் எதிர்பார்க்கப்படும் காரியங்கள் சில உண்டு. ட்யூஷன் எடுக்கலாம். விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்பலாம். நான் கொசுவலைச் சட்டம் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது, தென்காசியில் என்னிடம் படித்த பையன்கள் பலரும் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். ஒருவன் மருத்துவர். தன் கைப்பேசி எண்ணை மறுபடி ஒருமுறை அனுப்பி வைத்தான்.

பட்டறையில் ஆசாரியார் எனக்கு உளியைத் தரவில்லை. இரண்டு சி-கிளாம்ப்பைத் தந்தார். "மரத்தை மேசையோட சேர்த்து முடுக்குங்க சார்வாள். மரம் ஆடக்கூடாது. அதைப் பிடிக்கிற வேலை இரும்புக்கு, உங்க கைக்கில்ல."

முடுக்கினேன். அடுத்த கேள்வி வந்தது. "இடது கை எங்கே?"

இந்தக் கேள்வியை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்பதை என்னைப் போன்ற கணக்கு வாத்தியாராலும் சொல்ல முடியாது. காபி குடிக்கும்போதும் கேட்டார். விதி எளிமையானது. கொட்டாப்புளியால் தட்டும்போது இடது கை உளியின் பிடியில் இருக்க வேண்டும். கையாலேயே தள்ளிச் சீவும்போது இரண்டு கையும் உளியின் மேலேயே இருக்க வேண்டும், ஒன்று தள்ள, ஒன்று வழி காட்ட. உளி போகிற திசையில் உடம்பின் எந்தப் பகுதியும் இருக்கக்கூடாது. தொடையும் இதில் அடக்கம். மடியில் மரத்தை வைத்துச் செதுக்கும் பெரியவர்களை அவர் இந்த இடத்தில் சில சொற்களால் குறிப்பிட்டார். அச்சில் ஏற்ற முடியாது.

இவ்வளவும் சொன்ன மனிதர், தான் வேலை செய்யும்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டத்தைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்விக்கொண்டு, அதற்கு நாலு அங்குலம் தள்ளி உளியை வைத்துத் தட்டுகிறார். கேட்டேன். தலையைத் தூக்காமலே பதில் வந்தது: "இது பத்து வயசுல படிச்ச காலு. உங்க காலு இன்னும் பள்ளிக்கூடமே போகல."

அவருடைய இடது பெருவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டும் தனித்தனியாக வளர்ந்திருக்கிறது. அந்தப் பாடத்தை எந்த வயதில் படித்தார் என்று நான் கேட்கவில்லை.

மொட்டை உளிதான் ஆபத்து, கூர் உளி அல்ல என்பதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கூர் உளி தானாகப் போகும், அழுத்த வேண்டியதில்லை. மொட்டை உளியை முக்கித் தள்ளுகிறோம். போகமாட்டேன் போகமாட்டேன் என்று நின்று, திடீரென்று வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போது எதிரில் நிற்பது யார் என்று மேலே சொல்லிவிட்டேன். ஆகவே எண்ணெய்க் கல்லில் சாணை. சரிவு ஏறக்குறைய 25 பாகை. பின்பக்கம் கண்ணாடித் தட்டையாக இருக்க வேண்டும். கூர் வந்துவிட்டதா என்று பார்க்க ஆசாரியார் தன் முன்கை முடியைச் சவரம் செய்து பார்ப்பார். வலது கையில் உளி இருப்பதால் சவரம் எப்போதும் இடது கைக்குத்தான். வலது முன்கையில் கரடி. இடது முன்கையில் பச்சைக் குழந்தை. நான் காகிதத்தை வெட்டிப் பார்க்கிறேன். மரத்தின் வெட்டு முகத்தைச் சீவிப் பார்ப்பது இன்னும் நல்லது. பொடியாக உதிராமல் சுருள் சுருளாக வந்தால் போதும்.

பாதுகாப்பு என்றதும் என் மனைவி கடைக்குப் போய் தடித்த பருத்திக் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்தாள். ஆசாரியார் அதை வாங்கி ஆணி டப்பாவுக்கு மூடியாகப் போட்டுவிட்டார். கையுறை மரம் சுமக்க, சிராய் ஏறாமல் இருக்க. டிரில்லோ வட்ட ரம்பமோ ஓடும் இடத்தில் கையுறையின் ஒரு நூல் சிக்கினால் போதும், மெஷின் மிச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தோளில் துண்டு, முழுக்கைச் சட்டையின் போடாத பித்தான், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் அதே சட்டம். தழையத் தழைய வேட்டி கட்டிக்கொண்டு நான் வந்த அன்று, மெஷினின் பிளக்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசினார். தென்காசியில் இவ்வளவு மரியாதையுடன் யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். என் வாசிப்புக் கண்ணாடி போதாதாம், பக்கவாட்டில் திறந்திருக்கிறதாம். மூக்குக்கு முகக்கவசம். அதற்குப் பஞ்சமில்லை, 2020இல் நாம் எல்லோரும் வாங்கிக் குவித்ததில் எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. மரத்தூள் சாதாரண அழுக்கில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலையை வைத்திருக்கும் அதே முதல் பிரிவில் மரத்தூளையும் வைத்திருக்கிறது. பீடி பற்றவைக்கப் போன ஆசாரியாரிடம் இதைச் சொன்னேன். பீடியை எடுத்து உள்ளே வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே போய்ப் பற்றவைத்தார். "ரெண்டையும் ஒண்ணா வேண்டாம்" என்றார்.

இனிப் பொருத்து. என் சன்னல் மூன்றடி அகலம், நாலடி உயரம். இரண்டு அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள கோங்கு ரீப்பர். மூலையில் ஒன்றோடு ஒன்றை முட்ட வைத்து ஆணி அடித்தால் ஆயிற்றே என்று யாருக்கும் தோன்றும். முட்ட வைத்த இடத்தில் பசை நிற்காது. மரத்தின் வெட்டு முகம் பசையை உறிஞ்சிக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். முனைக்குப் பக்கத்தில் ஆணி அடித்தால் மரம் பிளக்கும். (அடித்தே தீருவேன் என்றால் ஆணிக் கூரைச் சுத்தியலால் லேசாக மழுக்கிவிடுங்கள். கூர் ஆணி நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கியது நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும்.) அதனால் இரண்டு சட்டத்திலும் பாதிக் கனம் எடுத்துவிட்டு ஒன்றன் மேல் ஒன்றை உட்கார வைப்பது. இப்போது ஒவ்வொரு மூலையிலும் நாலு சதுர அங்குலம் நார் முகமும் நார் முகமும் ஒட்டுகின்றன. நாற்காலி, கதவு போன்ற பாரம் தாங்கும் சாமான்களுக்குத் துளை போட்டு நாக்கு நுழைப்பார்கள். கனத்தை மூன்றாகப் பங்கிட்டு நடுப் பங்கை நாக்காக விடுவது வழக்கம். கொசுவுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை.

பாதி எடுப்பது என்றால் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், அதில் நாலு நூல். முப்பது வருஷம் மில்லிமீட்டர் சொல்லிக்கொடுத்தவன் நான். பட்டறையில் மில்லிமீட்டர் செல்லாது. நூல்தான். நம் தச்சர்களுக்கென்றே 33 அங்குலத்தில் ஒரு முழம் இருந்தது, தச்சு முழம் என்று. அதை வைத்துக் கட்டிய வீடுகள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் விடை கிட்டத்தட்டச் சரியாக இருந்தால் பாதி மார்க் போடுவோம். இங்கே ஐந்து நூல் எடுத்துவிட்டால் பாதி மார்க் கிடையாது. எடுத்த ஒரு நூலைத் திருப்பி ஒட்ட முடியாது. பென்சில் கோடே அரை நூல் தடிமன். ரம்பம் வேறு தன் பங்குக்கு ஒரு கனம் தின்னும். "தூள் கழிவுப் பக்கம் விழணும், கோடு நம்ம பக்கம் நிக்கணும்" என்பது ஆசாரியார் வாக்கு. மீதியை உளியால் சீவிக் கோட்டைத் தொடலாம்.

ஔவையார் புறநானூற்றில், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒருவன் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் அதியமான் என்று சொல்லியிருக்கிறார். வகுப்பில் தமிழய்யா இதை நடத்தும்போது மன்னனைத்தான் கவனித்தோம். இப்போது எனக்குத் தச்சன் மேல்தான் கண். அந்த ஒரு மாதமும் அவன் இடது கை எங்கே இருந்தது?

பசை தடவி, நாலு மூலையையும் கிளாம்ப் போட்டு முடுக்கும் முன் மூலைவிட்டம் அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் சட்டம் செவ்வகம். இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் பிடித்து அமுக்கிச் சரிசெய்ய வேண்டும். பசை காய்ந்த பிறகு பிதாகரஸே வந்தாலும் பயனில்லை. மூன்றடிக்கு நாலடி, ஆகவே மூலைவிட்டம் ஐந்தடி. அளந்தோம். 60 அங்குலம், 60 அங்குலம். ஆசாரியார் பீடிக் கட்டை எடுத்து, என்னைப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார். அவர் தருகிற பாராட்டு அவ்வளவுதான்.

சட்டம் வீட்டுக்கு வந்தது. சன்னலில் உட்காரவில்லை. மேலே ஒரு ஓரம் இடித்தது, கீழே ஒரு ஓரத்தில் கொசு குடும்பத்தோடு போகிற அளவு இடைவெளி. ஆசாரியார் டேப்பை எடுத்து என் சட்டத்தை அளக்கவில்லை, சன்னலை அளந்தார். ஒரு மூலைவிட்டம் 60 அங்குலம் 2 நூல். இன்னொன்று 59 அங்குலம் 6 நூல்.

"சட்டம் சரி சார்வாள். வீடுதான் கோணல்."

இது என் மாமனார் கூடவே நின்று கட்டிய வீடு. குடை பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு செங்கல்லையும் தன் பார்வைக்குத் தப்ப விடவில்லை என்பது எங்கள் குடும்ப வரலாறு. அறையில் என் மனைவியும் இருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஆசாரியார் பல வீடுகளைப் பார்த்தவர். "சாரல்ல மரம் ஊதும்மா. அதான் கொஞ்சம் இழைக்கணும்" என்றார் அவளிடம்.

அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் எங்கள் ஊர்க் கதவுகள் ஊதிக்கொண்டு திறக்க மறுக்கும். மரம் அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் அநேகமாக இல்லை.  இழைப்புளியால் இடித்த ஓரத்தைச் சீவினார், இடைவெளி விழுந்த பக்கம் ஒரு மெல்லிய பட்டியை ஒட்டினார். கோணல் சன்னலுக்குச் சம கோணலில் ஒரு சட்டம் அமைந்தது. குடும்ப வரலாற்றில் திருத்தம் எதுவும் இல்லை.

கொசுவலைதான் உங்களுக்கு வேண்டும் என்றால் கடையில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்த வலை கிடைக்கிறது; காசும் மிச்சம், நேரமும் மிச்சம். இல்லை, சட்டம்தான் செய்வேன் என்று கிளம்புகிறவர்கள் உளி வாங்கும் முன் இரண்டு சி-கிளாம்ப் வாங்குங்கள். பக்கத்துப் பட்டறையில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். பழகுவதற்குத் தேக்கு வேண்டாம். மரக்கடையில் வெட்டு மிச்சம் விறகு விலைக்குக் கிடைக்கும், ஒரு சாக்கு வாங்கிப் போடுங்கள்.