நாலு மணிக்கு மேல் ஓர் அண்ணாச்சி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பகலைக் கழிக்க யாருடைய உதவியும் தேவையில்லை. 1970-ல் திறந்த விவேகானந்தர் மண்டபம், 2000 ஜனவரி முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவர், இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் என்று படகு வரிசையில் நின்றாலே ஒரு பகல் போய்விடும். பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்று தெரியாமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் அரைநாள் கழிந்துவிடும்.

சிக்கல் மாலையில்தான். படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பது வழக்கமாக நாலு மணியோடு நின்றுவிடும். நாஞ்சில் நாட்டுக்காரன் கேளிக்கை என்று மனதார ஒப்புக்கொள்கிற வில்லுப்பாட்டோ இரவு பத்து மணிக்கு முன்னால் சூடு பிடிக்காது. நடுவே ஆறு மணி நேரம் அத்துவானமாகக் கிடக்கிறது. விடுமுறைக்கு வந்திருக்கும் சென்னை, கோயம்புத்தூர், துபாய் உறவினர்களை வைத்துக்கொண்டு அந்த ஆறு மணி நேரத்தை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நாஞ்சில் நாடு கண்டுபிடித்த விடைதான் அண்ணாச்சி.

வடசேரியில் ஒருவர், கோட்டாற்றில் ஒருவர், தக்கலையில் ஒருவர் என்று குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஏதாவது அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் நாலு மணிக்கு மேல் ஒரு கோப்பையும் தொட்டிருக்க மாட்டார். இப்போது அவருடைய வேலைநேரமே நாலு மணிக்கு மேல்தான். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கக்கத்தில் குடை, ஜவுளிக்கடைப் பை. பைக்குள் டார்ச் லைட்டும் தண்ணீர் பாட்டிலும், அன்றைய பஞ்சாங்க அஸ்தமன நேரத்தைக் குறித்த துண்டுச்சீட்டும் இருக்கும்.

விருந்தாளிகள் ரயிலைவிட்டு இறங்கும்போதே அறிவித்துவிடுவார். "மாப்பிள, நாலு நாளைக்கு நீங்க ஒண்ணும் யோசிக்கப்பிடாது. சாயங்காலத்த எங்கிட்ட விட்டிருங்கோ." மாப்பிள்ளை கடலோர ரிசார்ட்டில் அறை எடுத்திருப்பார். வருடம் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்தவர், நாலு நாள் சும்மா கிடக்கலாம் என்று வந்திருப்பார். சும்மா கிடப்பது என்பது அண்ணாச்சியின் அகராதியில் நோய்க்கு மட்டும் உண்டான சலுகை.

முதல் நிகழ்ச்சி சூரிய அஸ்தமனம். நவம்பரில் ஆறு மணிக்கு, ஜூலையில் ஆறே முக்காலுக்கு என்று நாஞ்சில் நாட்டுச் சூரியனுக்கு முக்கால் மணி நேரம் முன்பின் உண்டு. அண்ணாச்சிக்கு அது கிடையாது. எந்த மாதமானாலும் நாலே முக்காலுக்கு ரிசார்ட் வாசலில் நிற்பார். "சீலை மாத்த இவ்வளவு நேரமா? அவரு நமக்காவ நிப்பாரா?" என்று சூரியன் சார்பில் கோபப்படுவார். வழியில் காந்தி மண்டபத்தில் ஒரு பத்து நிமிடம். அக்டோபர் 2-ஆம் தேதி நண்பகலில், காந்தியின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டிய மண்டபம் அது. வந்தவர்கள் மே மாதம் மாலை ஐந்தரை மணிக்கு வந்திருப்பார்கள். அதனால் என்ன? எல்லோரையும் சுற்றி நிறுத்தி, அக்டோபர் வெயிலை நினைத்துக்கொள்ளச் சொல்வார். "விழுந்தாச்சா? சரி, நடங்க."

சூரியன் இறங்கும் நேரத்தில் கவனித்தால் ஒன்று தெரியும். கடற்கரையில் ஆயிரம் பேர் மேற்கே பார்த்து நிற்கும்போது அண்ணாச்சி ஒருவர் மட்டும் கிழக்கே பார்த்து நிற்பார். அவருக்கு வேண்டியது சூரியன் இல்லை, விருந்தாளியின் முகம். அதில் வியப்பு போதிய அளவு தெரிகிறதா, யாராவது போனை நோண்டுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சித்ரா பௌர்ணமியன்று வந்து மாட்டிக்கொண்டவர்கள் பாடு இன்னும் மோசம். மேற்கே சூரியன் விழ, கிழக்கே நிலா எழ, "அங்க பாருங்கோ! இங்க பாருங்கோ!" என்று தலையைத் திருகிவிட்டுக்கொண்டே இருப்பார். ராத்திரி கழுத்துக்குக் கொட்டஞ்சுக்காதி தைலம் கொண்டுவந்து கொடுப்பவரும் அவரேதான்.

மேகம் மூடிய நாட்களுக்கென்று ஒரு வாசகம் வைத்திருக்கிறார். "நேத்து நீங்க வந்திருக்கணும்." நேற்று வந்தவர்களிடம் முந்தாநாளைச் சொல்லியிருப்பார்.

அஸ்தமனம் முடிந்தால் கடைவீதி. சங்கு, பாசிமாலை, பாக்கெட்டில் அடைத்த பலநிற மணல். குழந்தை ஒரு சங்கைக் கையில் எடுத்தால் போதும், அண்ணாச்சி முன்னே பாய்ந்துவிடுவார். "எவ்வளவுடே?" என்பதில் தொடங்கும் பேரம், கடைக்காரரின் தாத்தா எந்த ஊர் என்பது வரை போகும். நாற்பது ரூபாய் குறைத்து வாங்கி, வெற்றியோடு திரும்பிப் பார்ப்பார். "நம்ம பயலாக்கும்." அதே சங்கு நாலாவது கடையில் இன்னும் முப்பது ரூபாய் குறைவாக இருப்பதை மாப்பிள்ளையின் மனைவி பார்த்துவிடுவாள். சொல்ல மாட்டாள். அவளும் நாஞ்சில் நாட்டில் பிறந்தவள்.

சன்செட் பாயிண்ட் பக்கத்தில் பேவாட்ச் பூங்கா இருக்கிறது. நீர்விளையாட்டு, ராட்டினம், மெழுகுச்சிலைக் கூடம் என்று பிள்ளைகளுக்கு அதன்மேல்தான் கண். அண்ணாச்சிக்குக் கொள்கையளவில் உடன்பாடில்லை. "மூணு பக்கமும் கடலு கெடக்கு. காசு குடுத்துச் செய்யுத அலையில குளிக்கணுமாக்கும்?"

எட்டு வயதுப் பேத்தி கேட்டது. "கடல்ல இறங்காதீங்கன்னு எழுதிப் போட்டிருக்கே தாத்தா?"

குமரிமுனைக் கடல் பாறையும் சுழலுமானது, குளிக்க ஆபத்தானது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாததல்ல. பதில் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பைகளுக்குக் காவல் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவரை, அடுத்த அரைமணி நேரத்தில் ஈர வேட்டியோடு குளத்தின் நடுவிலிருந்துதான் கூப்பிட வேண்டியிருந்தது.

அண்ணாச்சிக்கு உண்மையான எதிரி ரிசார்ட்டின் அறிவிப்புப் பலகை. 'மாலை 7.30: தம்போலா. 8.30: கேம்ப் ஃபயர், இசை' என்று அதில் எழுதியிருக்கும். தன் ஆறு மணி நேரத்துக்குள் இன்னொருவன் பட்டா போட்டதை அவரால் தாங்க முடியாது. மைக் பிடித்து நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பையனை மேலும் கீழும் பார்ப்பார். பத்து ரூபாய்ச் சீட்டு ஒன்றைப் பேத்திக்காகக் கையில் வாங்குவார். பையன் ஆங்கிலத்தில் எண்களை அடுக்குமொழியோடு கூவத் தொடங்குவான்.

"டூ ஃபேட் லேடீஸ், எய்ட்டி எய்ட்!"

"என்னவாம்?"

"எண்பத்தெட்டு, மாமா."

"அதுக்கு எதுக்குடே ரெண்டு பொம்பளையள இழுக்கான்?"

ஆனால் பத்து எண்கள் தாண்டுவதற்குள் பேனா அண்ணாச்சியின் கைக்குப் போயிருக்கும். பதினைந்தாவது எண்ணில், "தம்பி, முப்பத்தாறு சொல்லியாச்சுலா, மறுபடியும் சொல்லுகியே?" என்று நிர்வாகத்தைத் திருத்தத் தொடங்குவார். முதல் வரிசைப் பரிசு பக்கத்து மேசை வடநாட்டுக்காரருக்குப் போனதும், அவருடைய சீட்டை வாங்கிச் சரிபார்த்தது எங்கள் அண்ணாச்சிதான். வருகிற வழியெல்லாம் தம்போலா என்பது சோம்பேறிகளின் ஆட்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் ஏழு இருபதுக்கே மேசையில் இருந்தார்.

ஒருமுறை அமெரிக்காவிலிருந்து ஒரு மருமகன் வந்தான். ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு பார்த்தவன். பகல் முழுவதும் ராட்டினம் சுற்றிய கூட்டம் இருட்டியதும் கிளம்பிவிடாமல் இருக்கக் கோட்டைக்குப் பின்னால் வாணவேடிக்கை நடத்துவார்கள், அதற்காகவே சனங்கள் ஒரு மணி நேரம் முன்பே இடம்பிடித்துத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், அதற்குள் நாலு முறை சோளப்பொரி வாங்குவார்கள் என்று விளக்கினான். அண்ணாச்சி மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"வெடி எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் கூட இருக்காது, மாமா."

"அதுக்குப் பிளேன் ஏறிப் போகணுமாடே? சுசீந்திரம் மார்கழித் திருவிழா ஒம்பதாம் நாளு சப்தாவர்ணம் பாத்திருக்கியா? நடுச்சாமத்துல சாமி வரும். அதுவரைக்கும் சனம் நிக்கும்லா. நிக்க வைக்க எவனும் வெடி போடாண்டாம்."

மருமகன் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் முழுக்க அண்ணாச்சி யோசனையாகவே இருந்தார். கடைசியில், "சோளப்பொரி என்ன வெலை?" என்று கேட்டார். டாலரை ரூபாயாக்கிச் சொன்னதும்தான் அவருக்கு மனம் ஆறிற்று.

எட்டிலிருந்து பத்து வரையுள்ள இரண்டு மணி நேரம் வயிற்றுக்கு. இதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காரை நாகர்கோவிலுக்கு விடச் சொல்வார், இருபது கிலோமீட்டர். ரசவடை ஓரிடம், கட்டஞ்சாயா வேறிடம், மட்டிப்பழம் இன்னோரிடம். மட்டிக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்ததைத் தன் மகனுக்கு அரசு வேலை கிடைத்த குரலில் சொல்வார். கடைசியாக நேந்திரங்காய் சிப்ஸ் கடை முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார்.

உள்ளபடியே பார்க்க வேண்டிய காட்சி அது. தேங்காயெண்ணெய் கொதிக்கும் உருளிக்கு மேலே சீவுகட்டையைப் பிடித்துக்கொண்டு, தோலுரித்த காயை ஒருவர் சரசரவென்று தேய்ப்பார். வட்டம் வட்டமாக நேரே எண்ணெயில் விழும். ஒன்றோடொன்று ஒட்டாமல் கரண்டி விலக்கிவிடும். வேகும் பக்குவத்தில் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை உள்ளே வீசுவார். எண்ணெய் ஒரு முழம் எழும்பி உறுமும். பிள்ளைகள் அலறிப் பின்வாங்குவார்கள். மாஸ்டர் மட்டும் அசைய மாட்டார். உறுமல் அடங்கிச் சலசலப்பு நின்றதும் அரித்து எடுப்பார். பேத்தி கைதட்டியது. மூன்று நாட்களில் அது கைதட்டியது அப்போதுதான். அண்ணாச்சிக்குச் சிறு ஏமாற்றம். சூரியனுக்கு விழாத கைதட்டு.

பத்து மணி. கோடைவிடுமுறை என்பது சித்திரை, வைகாசி. செவ்வாயோ வெள்ளியோ ஏதாவது ஒரு ஊரில் அம்மன் கொடை இல்லாமல் இருக்காது. மாப்பிள்ளைக்குக் கண் சொருகும். "அஞ்சே அஞ்சு நிமிஷம்" என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்.

பந்தலில் வில் நாட்டியிருக்கும். வில்லில் கட்டிய மணிகள் வீசுகோல் படும்போதெல்லாம் குலுங்கும். குடம் ஒரு பக்கம், உடுக்கு ஒரு பக்கம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிறுவயதில் கேட்டு வளர்ந்த மண் இது. அவர் சென்னைக்கு அழைத்து வந்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதையையே வில்லில் பாடி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். இதையெல்லாம் அண்ணாச்சி காரிலேயே சொல்லி முடித்திருப்பார். பந்தலுக்கு வந்ததும் ஆச்சரியமாக, வாயை மூடிவிடுவார். விருந்தாளி முகத்தைப் பார்க்க மாட்டார். பையைத் தலைக்கு வைத்து மணலில் சாய்ந்து, புலவர் வரி எடுக்க, பக்கப்பாட்டுக்காரரோடு சேர்ந்து 'ஆமா' போடுவார்.

விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கழன்று காருக்குள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்கிப் போவார்கள். சாமக்கொடைக்குச் சற்று முன்பு, பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் திடீரென்று குரல் கேட்கும். "சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகை தந்து, விடிய விடிய வில்லுப்பாட்டைக் கேட்டு ரசித்துக்கொண்டிருக்கும் நமது மாப்பிள்ளை அவர்கள் அன்பளிப்பு ரூபாய் நூற்றியொன்று!" அண்ணாச்சி சொந்தப் பணத்தைக் கொடுத்திருப்பார். மாப்பிள்ளை திடுக்கிட்டு விழித்து, செருப்பைத் தேடிக் காலில் மாட்டி, ஊர் பார்க்கும்படி பந்தலில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். விடிய விடிய ரசித்துக்கொண்டிருப்பவர் ஆயிற்றே.

விருந்தாளிகள் ரயிலேறிய பிறகு அண்ணாச்சி என்ன செய்கிறார்? தெருமுனைப் பாலக்கட்டையில் உட்கார்ந்து, இருட்டும்வரை நாலு பேரோடு ஊர்வம்பு பேசுகிறார். அடுத்த விருந்தாளி வரும்வரை கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பழிவாங்க நினைத்த ஒரு மாப்பிள்ளை, அவரைச் சென்னைக்கு வரவழைத்தார். மாலை நாலு மணிக்குக் காரை வாசலில் நிறுத்தி, "மாமா, கிளம்புங்க. மெரினாவுக்குப் போகலாம்" என்றார்.

அண்ணாச்சி சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். "மெரினாவா? அங்க என்ன இருக்கு மாப்பிள, வெறும் கடலுதானே! அதப் போயி மனுசன் பாப்பானா?"