மூத்தோர் தொல்லை இல்லாத அணிக்கு ஒரு வாழ்த்து

பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் அணியை 2013 முதல் 2016 வரை நடத்திய பெருமக்களே, உங்களைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் தோற்ற அணிகள் எத்தனையோ உண்டு. தோல்வியை உங்களைப் போல நெஞ்சுரத்தோடு தாங்கியவர்கள் யார்? முதல் பருவத்தில் 82 ஆட்டங்களில் 19 வெற்றி. அடுத்ததில் 18. அதற்கும் அடுத்ததில் 10. முதல் பருவத்திலேயே தொடர்ந்து 26 ஆட்டங்கள் தோற்றீர்கள். பிறகு 2015-இல் இரண்டு பருவங்களைச் சேர்த்து 28. ஊரே தலையில் கை வைத்தபோதும் நீங்கள் கலங்கவில்லை. கொண்ட கொள்கையில் நின்றீர்கள்.

கணக்குத் தெரியாதவர்கள் என்று உங்களை எவரும் சொல்லிவிட முடியாது. கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு அடுத்த டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் நிகழ்வில், முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அன்றைய குலுக்கல் விதிப்படி நூற்றுக்கு 25. நடுவில் முடிக்கும் அணிக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. அப்படியானால் நடுவில் இருந்து என்ன பயன், அடியிலேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்று உங்கள் பொது மேலாளர் சாம் ஹிங்கி முடிவு செய்தார். வந்த முதல் கோடையிலேயே, 22 வயதிலேயே லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வாகியிருந்த ஜுரூ ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு தடியஸ் யங் போனார். நன்றாக ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, எதிர்கால டிராஃப்ட் உரிமைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. காகிதத்தில் அந்தக் கணக்கில் பிழையே இல்லை.

இளைஞர்கள் மேல் நீங்கள் வைத்த நம்பிக்கை இன்னும் பெரிது. பெற்ற தாய்தந்தையர்கூட 19, 20 வயதுப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும்போது அங்கே தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். நீங்கள் அந்தக் கவலையை வைத்துக்கொள்ளவில்லை. கல்லூரியில் ஒரு பருவத்துக்கு முப்பத்தைந்து ஆட்டம் ஆடி வந்த பையன்களை ஆறு மாதத்துக்குள் 82 ஆட்டம் ஆடவைத்தீர்கள். இரவு ஆட்டம், நள்ளிரவு விமானம், விடிந்தால் வேறு ஊர். எப்போது தூங்குவது, எதைச் சாப்பிடுவது, திடீரென்று கைக்கு வந்த கோடிகளை என்ன செய்வது, பழைய நண்பன் பத்து டிக்கெட் கேட்டால் எப்படி மறுப்பது என்று எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும் முழுச் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. வேறெந்த அணியும் இவ்வளவு தாராளமாக அதைக் கொடுத்ததில்லை.

மூத்த ஆட்டக்காரர்களை நீங்கள் மதிக்கவில்லை என்று சிலர் பேசுவார்கள். அநியாயமான பேச்சு. எத்தனை பேரை வரவேற்றீர்கள்! 2014 பிப்ரவரியில் இந்தியானாவிலிருந்து டேனி கிரேஞ்சர் வந்தார். ஒரு காலத்தில் ஆல்-ஸ்டார். உங்கள் சட்டையைப் போட்டு ஒரு ஆட்டம்கூட ஆடும் சிரமம் அவருக்கு வேண்டாம் என்று ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவைத்தீர்கள். ஓராண்டு கழித்து ஜாவேல் மெகீ வந்தார். அவரோடு ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் வந்தது. உரிமையை வைத்துக்கொண்டீர்கள், அவரை இரண்டு வாரத்துக்குள் விடுவித்தீர்கள். 2015 கோடையில் ஜெரால்டு வாலஸ், பதினான்கு பருவம் ஆடியவர், உங்கள் பட்டியலில் பெயராக வந்து பருவம் தொடங்குமுன் பெயராகவே போனார். சம்பளக் கணக்கை நேர் செய்வதில் மூத்தோரின் அருமையை உங்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை.

லுக் எம்பா அ முட்டே ஒருவரை மட்டும் ஒரு பருவம் முழுவதும் வைத்திருந்தீர்கள். கேமரூன் நாட்டுக்காரர். தன் சொந்த நாட்டில் நடத்திய பயிற்சி முகாமில் ஜோயல் எம்பீட் என்ற உயரமான பையனை 2011-இல் கண்டெடுத்து அமெரிக்காவுக்கு வழிகாட்டியவர் அவர்தான். 2014-இல் அதே எம்பீட்டை நீங்கள் மூன்றாவது ஆளாக டிராஃப்டில் எடுத்தீர்கள். பாதத்தில் எலும்பு முறிவு, ஆட முடியாது. அந்த அக்டோபரில் அவருடைய தம்பி கேமரூனில் விபத்தில் இறந்துபோனான். இருபது வயதில், காயத்தோடு, அந்நிய தேசத்தில், தம்பியைப் பறிகொடுத்து நின்ற ஒருவனுக்குத் தன் நாட்டுக்கார அண்ணன் ஒருவர் அதே அணியில் இருந்தது எவ்வளவு பெரிய காரியம்! பருவம் முடிந்ததும் அந்த அண்ணனையும் போகவிட்டீர்கள். எம்பீட் இரண்டாவது ஆண்டும் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டை அவர் தனியாகக் கடக்கப் பழகட்டும் என்று நினைத்தீர்கள் போலும்.

அப்படித்தான் 2015 இலையுதிர் காலம் வந்தது. உங்கள் சாதனையின் உச்சம் அதுதான். அணியில் மூத்தவரான கார்ல் லேண்ட்ரிக்கு 32 வயது. மணிக்கட்டு அறுவை சிகிச்சையால் தொடக்க மாதங்களில் அவர் ஆடவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். முதல் 18 ஆட்டங்களும் தோல்வி. டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் உங்கள் ஊருக்கு வந்தார்கள். அந்த மண்ணில் வளர்ந்த கோபி பிரையன்ட், ஓய்வை அறிவித்த இரண்டாம் நாள், 37 வயதில் தன் ஊர்க்காரர்கள் முன் கடைசியாக ஆடினார். அன்றுதான் உங்களுக்கு முதல் வெற்றி. மூத்த ஆட்டக்காரர் ஒருவரால் உங்கள் அரங்கம் அந்த மாதங்களில் நிறைந்த இரவு அது; அவர் எதிரணியில் இருந்தார்.

அதற்குச் சில நாள் முன்பு பாஸ்டனில் ஒரு சம்பவம். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நள்ளிரவில் ஜாலீல் ஓகஃபோர் தெருவில் கைகலப்பில் இறங்கினார். காணொளி நாடெங்கும் ஓடியது. அந்த ஆண்டு டிராஃப்டின் மூன்றாம் ஆள். வயது 19. பையன் தவறு செய்தான், தண்டனையும் பெற்றான்; இரண்டு ஆட்டம் இடைநீக்கம். நான் சொல்ல வருவது உங்கள் சமயோசிதத்தைப் பற்றி. இனி அவரோடு ஒரு பாதுகாவலர் போவார் என்று ஏற்பாடு செய்தீர்கள். விடுதி அறையில் உடனிருந்து "தம்பி, இன்னைக்கு வெளியே போக வேண்டாம், வா சாப்பிடலாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஓர் அண்ணன் இல்லை. அந்த இடத்துக்குக் காவலரை அமர்த்தினீர்கள். காவலர் வேலை வாசலோடு முடிந்துவிடும். ஏன் கோபம் வருகிறது, பதினைந்தாவது தோல்விக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் எப்படி உட்காருவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் பட்டியலில் கிடையாது.

இதற்கெல்லாம் பயிற்சியாளர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார், அதுவும் நல்லவர். பிரெட் பிரவுன் அத்தனை தோல்வியிலும் பையன்களைத் தாங்கிப் பிடித்தார். ஆனால் யாரை எத்தனை நிமிடம் ஆடவிடுவது என்று தீர்மானிப்பவர் பயிற்சியாளர். அவரிடம் போய் "எனக்கு இது புரியவில்லை" என்று எந்த இளைஞன் சொல்வான்? சொன்னால் பெஞ்சில் உட்கார வேண்டிவரும் என்ற பயம் இருக்கும். பதினைந்து ஆண்டு ஆடி முடித்து, இனி தன் நிமிடங்களுக்காகச் சண்டையிட வேண்டியிராத ஒருவரிடம்தான் அதைச் சொல்ல முடியும். தடுப்பாட்டத்தில் கூடைக்குக் கீழே நிற்கும் உயரமான ஆட்டக்காரர் களம் முழுவதையும் பார்ப்பவர். இடப்பக்கம் ஆள் வருகிறான், வலப்பக்கம் நகரு என்று அவர் ஓயாமல் கத்த வேண்டும். புதியவர்கள் கத்த மாட்டார்கள். வெட்கம் ஒரு காரணம். எப்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாதது அதைவிடப் பெரிய காரணம். தினமும் பயிற்சியில் பக்கத்தில் நின்று ஒருவர் கத்திக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். உழவர்கள் புதுக் காளையைப் பழகிய மாட்டோடு சேர்த்துத்தான் ஏரில் பூட்டுவார்கள். நீங்கள் இரண்டு புதுக் காளைகளைப் பூட்டி, ஏரும் கொடுத்து, வரப்பில் நின்று பொறுமையாகக் காத்திருந்தீர்கள்.

பிரவுன் எங்கிருந்து வந்தவர் என்பதை நீங்கள் மறந்தது உங்கள் அடக்கத்தைக் காட்டுகிறது. சான் அன்டோனியோவில் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அந்த அணியும் 1996-97-இல் டேவிட் ராபின்சன் காயத்தில் விழ, 62 ஆட்டம் தோற்றது. குலுக்கலில் வென்று டிம் டங்கனை எடுத்தது. நீங்கள் நம்பிய அதே கணக்குதான். டங்கன் வந்தபோது 32 வயது ராபின்சன் குணமாகி அங்கே இருந்தார். அணியின் முதன்மை இடத்தை இளையவருக்கு விட்டுக்கொடுத்து அவர் பக்கத்தில் நின்றார். இரண்டாவது பருவத்தில், 1999-இல், சாம்பியன் பட்டம். அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். உங்களுக்கிருந்த பொறுமை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

உங்கள் கொள்கையை முதலில் குலைத்தது 2015 டிசம்பரில் ஹிங்கிக்கு மேலே வந்து அமர்ந்த ஜெர்ரி கொலாஞ்சலோ. வந்த மாதமே இஷ் ஸ்மித்தை வாங்கினார்கள். ஸ்மித் முந்தைய பருவத்தின் கடைசியில் உங்களிடம் ஆடியவர்தான். அவரை அந்தக் கோடையில் போகவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரண்டு டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்துத் திரும்ப அழைத்தீர்கள். கையில் இருந்த பொருளை விட்டுவிட்டு விலை கொடுத்து வாங்கும் பெருந்தன்மை எல்லாருக்கும் வராது. அவர் வந்தபோது அணியின் கணக்கு ஒரு வெற்றி, 30 தோல்வி. அந்தப் பருவத்தின் பத்து வெற்றிகளில் ஒன்பது அவர் வந்த பிறகு கிடைத்தவை. பெரிய நட்சத்திரம் அல்ல. ஊர் ஊராகப் பல அணிகளில் அலைந்த ஒரு பந்துகடத்தி. உயரமான பையன்களுக்குப் பந்தை எங்கே, எந்த நொடியில் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

2016 ஜனவரியில் எல்டன் பிராண்ட் வந்தார். 36 வயது. 1999 டிராஃப்டின் முதல் ஆள். பிலடெல்பியாவில் ஏற்கெனவே நான்கு பருவம் ஆடியவர். ஏறக்குறைய ஓய்வு பெற்ற நிலையில் வீட்டில் இருந்தார். பந்து போடுவதற்காக அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆடியதும் 17 ஆட்டங்கள்தான். பிள்ளைகளோடு இருப்பதற்காகக் கூப்பிட்டார்கள். ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு விலகினார்.

உங்கள் திட்டம் பலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எம்பீட் 2023-இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். அவர் உங்கள் தேர்வுதான். அந்தப் பெருமை உங்களுடையது. மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ், நெர்லன்ஸ் நோயல், ஓகஃபோர் மூவரும்கூட உங்கள் தேர்வுகளே. கார்ட்டர் வில்லியம்ஸ் தன் முதல் ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் மயாமியை 22 புள்ளி, 12 அசிஸ்ட், 9 ஸ்டீலோடு கவிழ்த்தவர். சிறந்த புதுமுகம் விருது பெற்றவர். மூவரில் ஒருவரும் ஆல்-ஸ்டார் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் பெரியவர் இல்லாததே காரணம் என்றால் அது பொய்யாகிவிடும். காயங்கள் இருந்தன; ஓகஃபோரின் பாணி ஆட்டத்துக்கு மவுசும் போய்விட்டது. ஆனாலும் அந்தப் பையன்கள் அந்த மூன்று ஆண்டுகளில் தோற்பதற்கு மட்டும் ஒழுங்காகப் பயிற்றுவிக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

2017-இல் உங்களுக்குப் பின் வந்தவர்கள் 33 வயது ஜே.ஜே. ரெடிக்குக்கு ஒரே ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பென் சிம்மன்ஸ் ஆட வந்தார், எம்பீட் 63 ஆட்டங்கள் ஆடினார், பக்கத்தில் ரெடிக் இருந்தார். முந்தைய பருவத்தின் 28 வெற்றி 52 ஆனது. 2018 செப்டம்பரில் அணியின் பொது மேலாளர் பதவிக்கு ஆள் தேடியபோது அவர்கள் எல்டன் பிராண்டையே அமர்த்தினார்கள்.

தொடர்ந்து 28 தோல்வி என்ற உங்கள் பெருமையை 2023-24-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் எட்டிப்பிடித்தது, அதுவும் ஒரே பருவத்தில். அந்தப் பருவத்தில் அவர்கள் வென்றது 14 ஆட்டம். உங்கள் கொள்கை உறுதி மட்டும் அவர்களிடம் இல்லை. அடுத்த கோடையிலேயே பயிற்சியாளரை மாற்றினார்கள். 32 வயதை எட்டிய டிம் ஹார்டவே ஜூனியரையும் டோபியஸ் ஹாரிசையும் இளைஞர்களோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். ஹாரிஸ், 2019-இல் பிராண்ட் பிலடெல்பியாவுக்கு வாங்கி வந்தவர். 2024-25-இல் டெட்ராய்ட் 44 ஆட்டங்களை வென்று பிளே-ஆஃபுக்குப் போனது.