பூரியும் கிழங்கும்

இக்கட்டுரையை இடக்கையால் எழுதுகிறேன் ஆகையால், அச்சுக் கோப்பவர் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். நேற்று மாலை ஆறேகால் மணிக்கு நான் வலிய ஏற்றுக்கொண்ட ஒரு மத்தியஸ்தப் பொறுப்பின் விளைவாக, வலக்கைக் கட்டைவிரல் மருந்துத் துணிக்குள் கிடந்து விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருக்கிறது. எங்கேனும் இரண்டு குரல்கள் உயர்ந்தால், காரணம் இன்னதென்று தெரியாமலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நிற்கிறோமே, அந்த உபகாரத்தைத்தான் நானும் செய்தேன். வாதியும் பிரதிவாதியும் கினிப் பன்றிகள் என்பது ஒன்றே வித்தியாசம்.

விடுதிக்குப் புறப்பட்ட பேரன் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிராணிகள் இவை. இரண்டும் ஆண், ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பிரிக்க முடியாத ஜோடி என்ற நம்பிக்கையில் பூரி, கிழங்கு என்று அவன் நாமகரணம் செய்திருந்தான். கினி தேசத்துக்கும் பன்றி வம்சத்துக்கும் சம்பந்தமில்லாத இப்பிராணியை ஆண்டிஸ் மலைத்தொடரில், பெரு, பொலிவியா பக்கத்து மக்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டில் வளர்த்து, விசேஷ நாட்களில் வாட்டித் தின்கிறார்கள். நேற்று மாலை முதல் அம்மக்களின் மீது எனக்கு விசேஷ மதிப்பு உண்டாகியிருக்கிறது. சுவிட்சர்லாந்திலோ 2008-இல் வந்த விதியின்படி இதை ஒற்றையாக வளர்க்கவே கூடாதாம், துணையில்லாவிட்டால் ஏங்கிப்போகுமாம். அப்படி ஏங்குகிறவை, கிடைத்த துணையை நடத்தும் லட்சணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பூரி நடையைத் தளர்த்தி, பின்பாகத்தை இடமும் வலமும் ஆட்டி, தையல் இயந்திரம் ஓடுவதுபோல் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு கிழங்கைப் பிரதட்சிணம் வரும். சில சமயம் இரண்டும் எதிரெதிரே நின்று மூக்கை மேலே மேலே உயர்த்தும். யார் மூக்கு உயரத்தில் நிலைக்கிறதோ அவர் பெரியவர், தாழ்த்தியவர் சிறியவர். துரத்தல், முதுகில் ஏறல், வாயிலிருக்கும் கொத்தமல்லித் தண்டைப் பறித்தல் எல்லாம் அன்றாட நிர்வாகம். கிழங்கு வீலென்று கத்தினால் அடிபட்டதாக அர்த்தமில்லை. 'ஒப்புக்கொண்டேன், விடு' என்று அர்த்தம். இதையெல்லாம் பார்த்துப் பூரிதான் அதிகாரி என்று நீங்கள் நினைக்கலாம். அது தவறு, உண்மை அதிகாரம் கிழங்கிடமே இருக்கிறது என்பதை இக்கட்டுரை முடிவதற்குள் ஐயந்திரிபற நிரூபிக்கப் போகிறேன். அதற்கு முன் நேற்றைய கலகத்தின் பூர்வாங்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நான் 34 ஆண்டுகள் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் ஆதலால், இந்த இடத்தில் கொஞ்சம் விஸ்தாரமாக எழுத எனக்கு உரிமை உண்டு. கினிப் பன்றி தன் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போவதை நான் வெகுநாள் அசுத்தம் என்றே எண்ணியிருந்தேன். அது அசுத்தமன்று, பட்டா. அவ்விடத்துச் சுரப்பியின் நெடி படிந்த நிலமெல்லாம் படியவைத்தவரின் அனுபோகம். காய்ந்த புல் குவிந்த மூலை பூரியின் நன்செய். தண்ணீர்ப் புட்டி தொங்கும் ஓரம் பொதுப் பாதை. இரண்டு குடில்களுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குப் புறம்போக்கு; அதைக் கிழங்கு இராக்காலங்களில் ஆக்கிரமிப்பதும், பூரி விடியற்காலையில் அப்புறப்படுத்துவதும், மறுநாள் இரவே மீண்டும் ஆக்கிரமிப்பு நேர்வதும் எந்தத் தாலுகாவிலும் காணக்கூடிய காட்சிதான். எல்லைக்கல்லுக்குப் பதில் புழுக்கை; அளவை எண் இல்லை, உட்பிரிவு மட்டும் ஏராளம். இத்தகைய சீரான கிராமத்தில் நேற்றுக் காலை நான் செய்த காரியம் என்னவென்றால், சோப்புத் தண்ணீரும் வினிகரும் கொண்டு கூண்டை நாலு புறமும் தேய்த்துக் கழுவி, பழைய விரிப்பைத் துளியும் மிச்சமின்றி மாற்றி, வெயிலில் உலர்த்தி வைத்தேன். அதாவது ஆவண அறைக்கு நெருப்பு வைத்துவிட்டு, ஜமாபந்திக்கு நாள் குறித்தேன்.

முன்னொரு காலத்தில், நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில், கறையான் அ-பதிவேட்டின் 16 பக்கங்களைத் தின்றுவிட, அதுவரை ஒரே வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்த அண்ணன் தம்பி இருவர் மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றார்கள். நான் நடுவில் போனேன். மண்வெட்டிப் பிடி யார்மீதும் படவில்லை, என் முதுகைத் தவிர. அது வேறு கதை. இருந்தாலும் ஐப்பசி மழையில் அந்த முதுகு இன்றும் வலிக்கிறது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். அண்ணன் தம்பிகள் அடுத்த பொங்கலுக்கு ஒன்றாகக் கரும்பு வெட்டினார்கள். எனக்கு ஒரு கழி அனுப்பவில்லை.

நிற்க. நேற்று மாலை பிடரி மயிர் சிலிர்க்க, பற்களை நறநறவென்று தட்டிக்கொண்டு, இரண்டும் பின்னங்கால்களில் எழுந்து நின்றன. உறுமல் விளையாட்டு, பல் தட்டுவது எச்சரிக்கை, எழுந்து நின்று பாய்ந்தால் ரத்தம். அந்தக் கட்டத்தில் கையை விடலாகாது, கனத்த துண்டையோ குப்பை முறத்தையோ குறுக்கே செருக வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கையை விட்டேன். அப்போது என் மனைவி முறத்தோடு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டையும் பிரித்துவிட்டு, "கையை எதுக்கு உள்ளே விட்டீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு 34 ஆண்டு அனுபவத்தில் விடை இல்லை.

டிடி ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது இரவு ஒன்பது. ஆளுக்கொன்றாக, ஒருவர் மற்றவரை உள்ளே அடைத்துவிடாதபடி இரண்டிரண்டு வாசல் வைத்து, நான் காசு கொடுத்து வாங்கிய இரண்டு குடில்களில் ஒன்று காலியாகக் கிடந்தது. மற்றொன்றில் பூரியும் கிழங்கும் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன. ரசத்துக்கென்று வாங்கி வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டும், நம்மைப் போலவே உடம்பில் வைட்டமின் சி உண்டாக்கிக்கொள்ள முடியாத ஜீவன்கள் என்பதற்காக நாள்தோறும் நறுக்கிப் போடும் குடைமிளகாயும், என் வீட்டார் கையாலேயே சமாதான விருந்தாகப் போய்ச் சேர்ந்திருந்தன. அன்றைக்கு ரசம் வெறும் ரசம்.

கிழங்கின் அதிகாரத்தை நிரூபிக்க இந்தக் கொத்தமல்லியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொடங்கும் சமயத்தில் பேரன் தொலைபேசியில் கூப்பிட்டான். விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"தாத்தா, பூரி பல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கினிப் பன்றியின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. அதை அவனுக்குச் சொன்னேன். நிம்மதியாக வைத்துவிட்டான். கட்டைவிரலைப் பற்றி இந்த நிமிஷம் வரை யாரும் விசாரிக்கவில்லை.